‘புரிந்துகொண்டு’ என்பதை அடித்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் சின்னவளும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உன் மனைவியையும் சின்னவளையும் பொறுத்தவரை அதை மனதாரச் சொல்கிறேன். உன்னைப் பற்றி இருக்கிற அபிப்பிராயத்தை முதல் பத்தியிலேயே எழுதினால் தபால்காரர் கையைச் சுடும், அதனால் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். போனிலேயே சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் “அக்கா, ஒரு நிமிஷம்” என்பாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு சுகத்துக்காகத்தான் கடுதாசி வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் நர்சிங் கல்லூரிக்கு ‘கற்றல் விளைவுகள்’ பட்டறை நடத்த ஒரு நிபுணர் வருகிறார் என்றார்கள். இத்தனை வருஷம் வார்டில் நின்றவளுக்கு விளைவு என்றால் பக்க விளைவு ஒன்றுதான் தெரியும். ஆனாலும் வரப்போகிற நிபுணர் நீ என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த உடற்கூறியல் டீச்சரிடம், அவர் கேட்காமலேயே, என் தம்பி என்று சொல்லிவைத்தேன். நீ என்ன செய்தாய்? எடுத்த எடுப்பில் என் பாடத்திட்டத்தைத் திரையில் போட்டு, ‘மாணவி நோயாளியின் நிலையைப் புரிந்துகொண்டு பராமரிப்பார்’ என்ற வரியில் ‘புரிந்துகொண்டு’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டாய். “மேடம், புரிந்துகொண்டார்னு நீங்க எதை வச்சுச் சொல்வீங்க?” என்று கேட்டாய். மேடமாம். உனக்கு மூக்கு சிந்திவிட்ட கை இது. முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்றேன். ஹால் முழுக்கச் சிரித்தது. அவர்கள் சிரித்ததை மன்னித்துவிட்டேன், நீயும் சேர்ந்து சிரித்தாய் பார், அதை மன்னிப்பதாக இல்லை.

நீ சொன்ன பாடம் எனக்கு மறக்கவில்லை. படிப்பு முடிகிறபோது மாணவி என்ன செய்யக்கூடியவளாக இருப்பாள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். அதில் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும், அந்த வினை கண்ணுக்குத் தெரிய வேண்டும், அளக்க முடிய வேண்டும். வகுப்பில் நடத்துவதும் அதைத்தான், தேர்வில் கேட்பதும் அதைத்தான். அதற்கு வினை என்று ஏன் பேர் வச்சாங்கன்னு அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ‘விளங்கியது’ என்று எழுதிவிட்டேன், அதையும் அடித்துவிடு, அதுவும் அளக்க முடியாத சொல்தானே. கடைசியில் என் வரியை எடுத்துவிட்டு நீயே ஒரு வரி எழுதிக் கொடுத்தாய்: ‘மாணவி படுத்த படுக்கையாக உள்ள நோயாளியைக் குறித்த நேரத்துக்குள் பக்கவாட்டில் திருப்பி, விரிப்பை மாற்றுவார்.’ எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், ரத்த பாசம், வேறென்ன சொல்ல.

நீ ரயில் ஏறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு இங்கே நடந்ததுதான் கூத்து. விளைவுகளுக்கென்று ஒரு கமிட்டி போட்டார்கள். அதன் செயலாளர் புள்ளியியல் சொல்லித்தருகிறவர், நல்ல மனுஷன்தான், ஆனால் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இல்லாமல் யாரும் அவரைப் பார்த்தது கிடையாது, நாங்கள் வைத்த பேரே சிவப்புப் பேனாதான். அனுமதிக்கப்பட்ட வினைச்சொற்கள் என்று ஒரு தாளை அச்சடித்து எங்கள் அறைச் சுவரில் ஒட்டினார். பட்டியலிடுவார், வரிசைப்படுத்துவார், ஒப்பிடுவார், செய்து காட்டுவார். அறிவார், உணர்வார், மதிப்பார் எல்லாம் நாடு கடத்தப்பட்டன. நான் எழுதிக் கொடுத்ததை எல்லாம் சிவக்கச் சிவக்க அடித்துத் திருப்பி அனுப்பினார். அப்புறம் ஒரு பெரிய கட்டம் வந்தது. பாடத்தின் ஒவ்வொரு விளைவும் மொத்தப் படிப்பின் விளைவுகளோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று ஒன்று, இரண்டு, மூன்று என எண் போட வேண்டுமாம். நான் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போனேன். எழுந்து பார்த்தால் உன் அத்தான் டிவி பார்த்தபடியே குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி முழுவதையும் நிரப்பி வைத்திருந்தார். அவர் வேலை பார்த்தது குடிநீர் வாரியத்தில். கமிட்டி நான் கொடுத்தவற்றிலேயே அந்த ஒன்றைத்தான் பாராட்டியது. என்ன கணக்கில் போட்டீங்கன்னு கேட்டேன். பார்க்க அழகா இருக்கட்டும்னு மூணை அங்கங்கே தூவினேன் என்றார்.

இதெல்லாம்கூட சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வகுப்புக்குள் வந்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒருவர் இறந்துபோனால் வெளியே காத்திருக்கிற குடும்பத்திடம் எப்படிச் சொல்வது, எங்கே உட்கார வைத்துச் சொல்வது, முதல் வார்த்தை என்ன என்று நான் நடத்திக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி கையைத் தூக்கி, இது எந்த விளைவில் வருது மேடம், எண் சொன்னா குறிச்சுக்குவேன் என்றாள். எதிலும் வரவில்லை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டாள். அவளை நான் கடிகாரம் என்று கூப்பிடுவேன். எதைச் சொன்னாலும் சொன்ன நேரத்துக்குள் சொன்னபடி செய்து முடிப்பாள், ஒரு இம்மி கூடவும் செய்யமாட்டாள், குறையவும் செய்யமாட்டாள்.

இனிமேல் கவனமாகப் படி, உன் வரி என்ன செய்தது என்று சொல்கிறேன்.

செய்முறைத் தேர்வு வார்டிலேயே நடந்தது. நோயாளி ஒரு பஸ் கண்டக்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். தேர்வுக்கு ஒத்துக்கொண்டதோடு நிற்காமல் தலையை வாரிக்கொண்டு தயாராக இருந்தார். கட்டிலைச் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்து, உள்ளே போங்க, உள்ளே போங்க, வழியில நிக்காதீங்க என்று பழக்க தோஷத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கடிகாரம் முதலில் வந்தாள். கை கழுவினாள், திரையை இழுத்தாள், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தாள், அவரைத் திருப்பினாள். குதிகால் எரியுதும்மா என்றார் அவர். சரிங்க ஐயா, இதோ முடிஞ்சிடும் என்று சொல்லி விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, நேரம் மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார். தேர்வு நடக்கும்போது நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி, முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் மரம் மாதிரி நின்றேன்.

அடுத்து வந்தவள் குருவி. ஒல்லியாக, துறுதுறுவென்று, எதையாவது தட்டிவிட்டுக்கொண்டே இருப்பாள். அவளும் பாதி திருப்பினாள், அவரும் அதே குதிகாலைச் சொன்னார். அவள் நிறுத்திவிட்டாள். அவரைப் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, காலுறையை மெதுவாக இறக்கினாள். தோல் சிவந்து, நடுவில் நீர் கோத்து, புண் ஆகத் தயாராக இருந்தது. எத்தனை நாளா எரியுது ஐயா என்று கேட்டாள். யார்கிட்டயாவது சொன்னா கேட்டாத்தானே என்றார் மனுஷன். நேரே வார்டு சிஸ்டரிடம் போய்ச் சொல்லி அவரைக் கையோடு கூட்டி வந்தாள். ரெண்டு பேருமாகக் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகாலைத் தூக்கி வைத்தார்கள். அப்போது மணி அடித்தது. பழைய விரிப்பு பாதி உள்ளே, புது விரிப்பு பாதி வெளியே. தேர்வாளர் தாளைப் பார்த்தார், கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குறித்த நேரத்துக்குள் திருப்பவில்லை, விரிப்பை மாற்றவில்லை. ஃபெயில்.

அவள் அழவில்லை. கண்டக்டர்தான் சத்தம் போட்டார். ஊர்ல உள்ள டிக்கெட் எல்லாம் கிழிச்சவன்மா நான், எனக்கே இது நியாயமாப் படலை என்றார்.

நான் பிரின்சிபாலிடம் ஓடினேன். அவர் என் பாடத்திட்டத்தை எடுத்து வைத்து, இதில் எங்கேயாவது குதிகால் என்று இருக்கிறதா, கீழே கையெழுத்து யாருடையது என்று கேட்டார். என்னுடையதுதான். கமிட்டிக்குப் போங்கள் என்றார். கமிட்டியில் சிவப்புப் பேனா உட்கார்ந்திருந்தார். விளைவில் இல்லாததுக்கு மார்க் போட முடியாது, வேண்டுமானால் புதிதாக ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றார். ‘அன்போடு நடந்துகொள்வார்’ என்று எழுதினேன். அன்பை எப்படி அளப்பது என்றார். ‘அக்கறை காட்டுவார்’ என்று எழுதினேன். அங்கேயும் சுவரில் ஒட்டியிருந்த வினைச்சொல் தாளைக் காட்டினார். அதோடு எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஏன் சார், அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா, வலிக்குதுன்னு நோயாளி சொன்னதும் கையில இருந்த வேலையை நிறுத்துச்சு, வலிக்கிற இடத்தைத் திறந்து பார்த்துச்சு, எத்தனை நாளான்னு கேட்டுச்சு, பொறுப்புல இருக்கிறவங்ககிட்ட உடனே போய்ச் சொல்லுச்சு, இதைவிட ஒரு நர்சு என்ன சார் பண்ணணும் என்று மேஜையைத் தட்டிக் கத்தினேன். அந்த மனுஷன் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நின்றதும் தாளை என் பக்கம் திருப்பினார்.

“மேடம், நீங்க இப்போ சொன்ன நாலும் வினைச்சொல்தான். நாலையும் கண்ணால பார்க்க முடியும். இதை முதல்லயே எழுதியிருக்கலாமே” என்றார்.

ஒருத்தர் வயிற்றெரிச்சலைக்கூடத் திருத்தி வாக்கியமாக்கிவிடுகிறார்கள் உங்கள் கும்பல். சரி, வரி கிடைத்துவிட்டதே, குருவியைத் தேற வைப்பார்கள் என்று பார்த்தால், அதுதான் இல்லை. புது விளைவு வருகிற வருஷத்திலிருந்துதான் செல்லும், முன்தேதியிட்டு மார்க் கொடுக்க முடியாது என்றார்கள். அவள் ஒரு பருவம் முழுக்க மறுபடி படிக்க வேண்டுமாம். அவள் அப்பா லாரி ஓட்டப் போனால் திரும்பி வரப் பல நாளாகும், கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் தேறி வேலைக்குப் போக, அவள் மட்டும் பின்தங்கி நிற்கிறாள் என்பதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? கேட்டதற்கு, பரவாயில்லை மேடம், ஐயா கால் எப்படி இருக்கு என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அதனால் மார்க் பட்டியலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது போகாமல் வகுப்பில் ஒருத்தருக்கும் முடிவு வராது. பிரின்சிபால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். இந்த வேலையே வேண்டாம், வார்டுக்கே திரும்பிப் போகிறேன் என்று உன் அத்தானிடம் சொன்னேன். எனக்குப் புரியுது என்றார். புரிகிறதை அளக்க முடியாது, பேசாமல் இருங்கள் என்று அவர் மேலும் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் டிவி பார்க்கப் போய்விட்டார்.

இத்தனைக்கும் நீ எழுதின அந்த ஒற்றை வரிதான் காரணம். இனி எங்கள் கல்லூரிப் பக்கமோ என் வீட்டுப் பக்கமோ உன் நிழல்கூட விழக் கூடாது. உன் மனைவிக்கு என் அன்பு. சின்னவள் உயரம் வளர்ந்திருப்பாள், அதை அளக்கலாம், அளந்து எழுதச் சொல். உனக்கு ஆசீர்வாதம். அது கோபத்தில் நிறுத்தி வைக்கிற சமாச்சாரம் இல்லை என்பதால் மட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். குடை தேடி உன் அத்தான் பையைத் துழாவினால், தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தது உள்ளேயே கிடக்கிறது. உனக்குக் கோபம் ஆறட்டும்னு வச்சிருந்தேன் என்கிறார். ஆறவில்லை. ஆனால் இதற்குள் ஒன்று நடந்துவிட்டது, எழுதாமல் ஒட்டினால் பொய்யாகிவிடும். என் கையெழுத்து இல்லாமல் வேறு வழி தெரியாத பிரின்சிபால், எல்லோருக்கும் அந்த நாலு வினையையும் சேர்த்து மறுதேர்வு வைத்துவிட்டார். குருவி தேறிவிட்டாள், அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் காத்திருந்தது கடிகாரம் மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான். அவளுக்கு வந்தவர் ஒரு வயதான அம்மா, நடுவில் முழங்கை வலிக்குது என்றார். கடிகாரம் சட்டென்று நிறுத்தினாள், ரவிக்கைக் கையை மடித்துப் பார்த்தாள், பக்கத்தில் குனிந்து எத்தனை நாளாக என்று கேட்டாள், சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள். அந்த அம்மா அவள் கையை விடவே இல்லை. வெளியே வந்ததும் மடக்கினேன், இதை அன்னைக்கே ஏன் செய்யலைன்னு கேட்டேன். “நேரத்துக்குள்ள முடிங்கன்னுதானே மேடம் எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தீங்க. அந்த ஐயா எரியுதுன்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நிறுத்தலாமான்னு தெரியலை” என்றாள். அவளைத் திட்ட வாயெடுத்தேன், அந்த வரிக்குக் கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையது என்பது நினைவுக்கு வந்தது. மற்றத் துறைகளுக்கும் பட்டறை வேண்டும் என்று பிரின்சிபால் கேட்டபோது உன் பெயரைக் கொடுத்தது நான்தான். என்றைக்கு வருகிறாய் என்று எழுது, உன் அத்தான் ஸ்டேஷனுக்கு வருவார்.