பக்கம் மாறியது தெரியாத மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போகும் இடத்தில் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லலாம், வயதைக் குறைத்துச் சொல்லலாம். பிறகு எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். "எனக்கு இந்த விளையாட்டு நன்றாக வரும்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சம்பளத்தை அன்றைக்கே நிரூபித்துக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. பந்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் நான் சொன்னது பொய் இல்லை. எனக்குக் கூடைப்பந்து தெரியும் என்று மனதார நம்பினேன். அதுதான் இதில் பெரிய கேவலம்.

எண்பதுகளின் கடைசியில் தருமபுரியில் ஒரு டிவி கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் மச்சினர் பெங்களூரிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். டிவியில் ஒயரைச் சொருகினால் கூடைப்பந்து மைதானம் வரும். இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள். நம் கைக்கு ஒரு குச்சியும் ஒரு பட்டனும். குச்சியைச் சாய்த்தால் ஆள் ஓடுவான், பட்டனை விட்டால் பந்து பறக்கும். வாடிக்கையாளருக்கு டிவியை ஓட்டிக் காட்டுகிற சாக்கில் நாள் பூராவும் ஆடினேன். பந்து தானாகத் தரையில் தட்டிக்கொண்டே கூட வரும். ஆளுக்கு மூச்சு வாங்காது, வேர்க்காது. என் ஆள் எப்போதும் வலது பக்கக் கூடையில்தான் போடுவான். கடையில் என்னை ஜெயிக்க ஆளே கிடையாது. (மெக்கானிக் சேகர் ஒருவன்தான் எதிராளி. அவனுக்கும் அப்போது கண்கட்டி.)

இந்த நிலையில்தான் கம்பைநல்லூர்ப் பக்கம் ஓர் ஊரில் பெண் இருக்கிறது என்று தகவல் வந்தது. மாதா கோயில் திருவிழா அன்றைக்கு வரச் சொன்னார்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துவிட்டால், ஒத்துவராவிட்டாலும் ஊர் வாயில் விழ வேண்டாம் பாருங்கள். அதற்கு முன் பார்த்த இடமெல்லாம் எனக்குத் தட்டிப்போயிருந்தது. பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. காபி டம்ளரை நீட்டும்போது தலையைக் குனியாமல், "சக்கர பத்தலன்னா சொல்லுங்க" என்றாள். எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று. இந்த இடமும் தட்டிப்போனால் தாங்க மாட்டேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

அவளுடைய அண்ணன் சார்லஸ் ஊர்க் கூடைப்பந்து அணியின் கேப்டன். அன்று மாலை அரூர் அணியோடு திருவிழாப் போட்டி.

"உங்களுக்கு வெளையாட்டு ஏதாச்சும் வருமுங்களா?" என்று கேட்டார்.

"பேஸ்கட்பால்தாங்க. தெனமும் ஆடறேன்."

"எந்த டீமுங்க?"

"டீமெல்லாம் இல்லீங்க. தனியாத்தான்."

தனியாகவே தினமும் பயிற்சி எடுக்கிற மனிதன் என்று நினைத்து அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சேலத்து பஸ்ல வரவேண்டிய பையன் இன்னும் வரல. நீங்க எறங்கிடுங்க, மாப்ள" என்றார். மாப்ள என்று கூப்பிட்ட பிறகு எவன் மறுப்பான்? "பேண்ட்ட அழுக்காக்கிக்காதடா" என்றார் என் அம்மா. அதனால் சார்லஸின் டிரவுசரைக் கொடுத்தார்கள். அவர் இடுப்பில் என்னைப் போல இன்னொருவன் குடியிருக்கலாம். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மைதானத்தில் இறங்கினேன்.

உள்ளே போனால் பத்துப் பேர். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் என்பதை எந்த டிவியும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பந்து கைக்கு வந்ததும் அணைத்துக்கொண்டு ஓடினேன். நடுவராக இருந்த பங்குச் சாமியார் விசில் ஊதினார். "பந்தத் தட்டிக்கிட்டு ஓடணும் தம்பி" என்றார். அதுவே தட்டிக்கொள்ளும் என்றல்லவா நினைத்திருந்தேன். குச்சியைச் சாய்த்தால் சாய்ந்த பக்கம் ஓடுகிற ஆள்தான் எனக்குப் பழக்கம். இங்கே காலை இடப்பக்கம் போகச் சொன்னால் இடுப்பு வலப்பக்கம் போயிற்று. என் பேச்சைக் கேட்காத முதல் ஆட்டக்காரன் நான்தான். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பந்து கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

இடைவேளையில் டிரவுசருக்கு ஊக்கு தேடி அலைந்தேன், கிடைக்கவில்லை. திரும்பி வந்து வலது கூடைக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். எப்படியும் பந்து வரும், போட்டுவிடலாம் என்று காத்திருந்தேன். "டிபன்ஸ் நல்லா பண்றீங்க மாப்ள" என்று சார்லஸ் பாராட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்து வைத்தேன். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள் என்கிற விஷயம் எங்கள் பெட்டியில் கிடையாது.

கடைசி நிமிடம். இரண்டு அணியும் சமம். நின்று நின்று அலுத்துப்போய் நடுக்கோடு வரை வந்தேன். அந்த நேரம் பார்த்துப் பந்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது. எடுத்தேன், தட்டினேன், வலது பக்கம் பறந்தேன். ஒருவன் கூடக் குறுக்கே வரவில்லை. என் வேகத்தைப் பார்த்து மலைத்துப்போய் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பின்னாலிருந்து சார்லஸ், "அங்க இல்லீங்க, மாப்ள, செத்த நில்லுங்க" என்று கத்திக்கொண்டே வந்தார். டேய் நில்றா என்று கத்தியிருந்தால் நின்றிருப்பேன். மரியாதை பார்த்தே மனிதர் ஆட்டத்தில் தோற்றார்.

கூடைக்குக் கீழே நின்று இரண்டு கையையும் உயர்த்திப் பந்தை விட்டேன். இரண்டு கையையும் என்பதைக் கவனியுங்கள். பந்து வளையத்துக்குள் இறங்கியது. அதே நேரத்தில் டிரவுசரும் இறங்கியது. (உள்ளே பட்டாப்பட்டி இருந்தது, மாதா காப்பாற்றினாள்.) அரூர்க்காரர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே கூடை அது.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பினோம். எங்கள் அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே சார்லஸ் தன் அப்பாவிடம் சொல்வது நன்றாகக் கேட்டது.

"இந்த ஆளு வேணாம்பா. நம்ம கூடை எது, அவங்க கூடை எதுன்னே தெரியல."

அதற்கு ஸ்டெல்லாவின் குரல், அடக்கிய சிரிப்போடு:

"ஓட்டத்துல ஒரு கொறையும் இல்லப்பா. எந்தப் பக்கம்னு சொல்லத்தான் ஆளு இல்ல. அத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் திரும்ப வேண்டிய பக்கத்துத் தோளில் ஒரு தட்டு விழும். துக்க வீட்டுக்குப் போனால் சரியான வீடுதானா என்று அவள் பார்த்த பிறகுதான் நான் மாலையைப் பிரிப்பேன்.

போன வருடம் எங்கள் மகள் கல்யாணம். மண்டப வாசலில் வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தேன். ஒரு முகம் கூடத் தெரிந்த முகமாக இல்லையே என்று யோசிக்கும்போது, எதிர்ப்பக்கத்திலிருந்து சார்லஸின் குரல் வந்தது. "மாப்ள, பக்கம் மாறியாச்சுங்க." நான் நின்றிருந்தது மாப்பிள்ளை வீட்டார் வரிசை. எங்கள் ஆட்கள் மொத்தமும் சிரித்தார்கள். சம்பந்தி ஒன்றும் புரியாமல், "அது என்னங்க, பக்கம்?" என்று கேட்டார்.

சார்லஸ் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். டிரவுசரிலிருந்து ஆரம்பித்தார்.