கப்சிப் கழற்றிய பலகை

எங்கள் மலையில் பேச்சுரிமையை அதிகமாகப் பறித்தவர் யார் என்று கேட்டால் எந்த ஆட்சியையும் நான் கைகாட்ட மாட்டேன். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், எங்கள் சின்ன பஜாரில் சலூன் வைத்திருக்கும் கப்சிப்பைத்தான் காட்டுவேன். ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது.

‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்ற பலகை தமிழ்நாட்டில் பாதி சலூன்களில் தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் ஆட்சியைக் கவிழ்ப்பார்கள். அந்தப் பலகையை நிஜமாகவே அமல்படுத்திய ஒரே மனிதர் கப்சிப்.

வெலிங்டனில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மீசையின் இடது பாதி முடிந்த நேரத்தில் தேர்தல் கூட்டணியைப் பற்றி ஒரு வார்த்தை விட்டார். கப்சிப் கத்தியை மடக்கினார்.

“சார், அந்தப் பேச்சை வெளிய போயி முடிச்சுப்போட்டு வாங்க. வலது பக்கத்தை நான் அப்பறம் முடிக்கறேன்.”

பாவம், அவர் பனிமூட்டத்தில் சோப்பு நுரையோடு நின்றதைப் பஜாரே பார்த்தது.

எது அரசியல், எது இல்லை என்று தீர்ப்புச் சொல்வதும் கப்சிப்தான். சிறு தேயிலை விவசாயி போஜன் ஒருநாள், “பச்சைத் தேயிலை விலை இறங்கிப் போச்சுங்க” என்றார். கப்சிப் தலையாட்டினார். அது மழை பெய்கிறது என்பது போன்ற செய்தி. “ஏன் இறங்குச்சுன்னா...” என்று போஜன் ஆரம்பித்தார். கத்தரிக்கோல் நின்றது. இறங்கியது தகவல், ஏன் இறங்கியது என்பது அரசியல்.

நானும் ஒருமுறை, போர்த்திய துணிக்குள்ளிருந்து கையை நீட்டி, பேச்சுரிமை தரும் அரசியல் சாசனத்தின் பத்தொன்பதாவது பிரிவை எடுத்து விட்டேன். “சித்தெ ஆடாம இருங்க” என்றார், அவ்வளவுதான். மேலே வாதாட எனக்கும் வழியில்லை. அந்தப் பிரிவு அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது. சவரக் கத்தி பிடித்த கையை அல்ல. அதே பிரிவு சங்கம் சேரும் உரிமையையும் தருகிறது. வியாபாரிகள் சங்கத்தார் வருஷா வருஷம் அவரிடம் ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். “சேர்றது என்ற இஷ்டம்னா, சேராததும் என்ற இஷ்டந்தானுங்களே?” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி விடுவார்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை. தேதி என் டைரியில் இருக்கிறது. கிழமைக்கு டைரி வேண்டாம். செவ்வாய் சலூன் விடுமுறையாதலால் மறுநாள் பெஞ்சில் இடம் கிடைக்காது, அன்றும் கிடைக்கவில்லை. தேயிலை விலைக்காக விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்த நேரம். ஒரு மந்திரி எங்கள் பஜார் வழியாகப் போவதாக இருந்தார். பஜார்க் கட்டடம் அரசுக்குச் சொந்தம். அதன் வாடகை பார்க்கும் அதிகாரி கடை கடையாக வந்து, எல்லாரும் ‘அரசியல் பேசக் கூடாது’ என்று பலகை மாட்ட வேண்டும், வாசலில் நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் வாய் உத்தரவு. சங்கத்தார் மறுபேச்சில்லாமல் மாட்டிவிட்டார்கள். அதிகாரி கப்சிப் கடைக்குள் சிரித்த முகத்தோடு நுழைந்தார்.

“உங்க கடையைத்தாங்க எல்லாத்துக்கும் உதாரணமாச் சொல்றேன்!”

கப்சிப் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பலகையைக் கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தார்.

“ஏனுங்க, எதுக்குக் கழட்டறீங்க?”

“நான் மாட்டுனது என்ற கடைப் பழக்கமுங்க. புடிக்காதவங்க அடுத்த கடைக்குப் போயிருவாங்க. எல்லாக் கடைலயும் நீங்களே மாட்ட வெச்சுட்டா, அவங்க எங்கீங்க போவாங்க?”

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. “வாடகை ஒப்பந்தம் இந்த மாசம் புதுப்பிக்கோணுமில்ல? யோசிச்சுக்கோங்க.”

கப்சிப்புக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பில்லை. மகள் கோயமுத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். முக்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தார்.

“எழுத்துல குடுங்க சார். நான் எழுதித்தானுங்களே மாட்டியிருந்தேன்?”

அன்று முழுக்க அந்தக் கடையில் அரசியல் கட்டாயமாயிற்று. பழக்கம் விட்டுப்போன வாடிக்கையாளர்கள் கல்லாய் உட்கார்ந்திருந்தார்கள்.

“பேசுங்க போஜண்ணா!”

“என்னத்தைங்க பேசறது?”

“எலை வெலை ஏன் இறங்குச்சுன்னு அன்னைக்குச் சொல்ல வந்தீங்களே.”

அடக்கி வைத்திருந்த போஜன் தேயிலை ஏல மையத்தில் புறப்பட்டு டில்லி வரை போய்த் திரும்பினார். அவர் டில்லியில் இருந்தபோதே கப்சிப் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டார். வாசலில் இன்னொரு பெஞ்சும் போட்டார். நாலு பேர் என்ன, பத்துப் பேர் உட்கார்ந்தார்கள்.

“பயமா இல்லீங்களா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“பயந்தானுங்க. கை நடுங்குது. அதாலதான் காத்தாலருந்து யாருக்கும் சவரம் பண்ணல. வெட்டு மட்டுந்தான்.”

அரசாங்கம் பேச்சுக்குக் கட்டுப்பாடு போடவே கூடாது என்றில்லை. ஆனால் அதற்கு ஒரு சட்டம் வேண்டும், சாசனம் சொல்லும் காரணங்களில் ஒன்றாவது வேண்டும். மந்திரியின் காதுக்கு இதமாக இருக்க வேண்டும் என்பது அதில் இல்லை. இதையெல்லாம் நான் பெஞ்சில் விளக்கினேன். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

மந்திரி வரும் நாள் காலையில் அந்த அதிகாரி மறுபடி வந்தார். கடைக்குப் பூட்டு வந்துவிட்டது என்றே நினைத்தோம். அவரோ நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தைத் தடவினார்.

“சீக்கிரம் ஒரு ஷேவிங்.”

கப்சிப் வெந்நீர் எடுத்தார். கத்தி தொண்டைக்குக் கீழே வந்ததும் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். கத்தி நடுங்கவில்லை.

“எழுத்துல கேட்டேனே, சார்?”

“மேல கேட்டேன். ‘சொன்னாப் போதாதா, எதுக்கய்யா எழுத்து’ன்னாங்க. கையெழுத்துப் போட ஒருத்தரும் முன்ன வரலீங்க.” பெருமூச்சு விட்டார். “ஒப்பந்தத்தை நான் போட்டு அனுப்பிட்டேன். வாடகை வேற, பலகை வேறங்க. அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

கப்சிப் கத்தியைத் துடைத்தார், ஒருமுறைக்கு இரண்டுமுறை துடைத்தார். அதற்குள் அதிகாரிக்கு வாய் திறந்துவிட்டது. இடமாற்றம், மேலதிகாரி, மந்திரியின் உதவியாளர் என்று ஒவ்வொன்றாகக் கொட்டினார். கப்சிப் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். அவர் போனதும், “ஐயோ, என்ன பேச்சுடா சாமி!” என்று தலையைப் பிடித்துக்கொண்டார். மந்திரி போய் மற்றக் கடைகளின் பலகைகள் இறங்கியதும், அடுத்த புதன்கிழமை அவர் பலகை பழைய ஆணிக்கே திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் என்னை இரண்டு முறை வெளியே அனுப்பியிருக்கிறார். இரண்டு முறையும் தப்பு என்னுடையதுதான். எதிர் சலூனில் கூட்டமே இருக்காது, டிவி உண்டு, இஷ்டத்துக்குப் பேசலாம். இருந்தும் அவர் பெஞ்சில்தான் காத்திருக்கிறேன். பேசவிடாத அந்த மனிதரின் கையில் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினால், நான் சொல்லாமல் வைத்திருக்கும் வார்த்தைகளுக்குக்கூட யாரோ காவல் நிற்பதுபோல் இருக்கிறது.