ரிக் வண்டி இந்தியில் ஒரு நேர்காணல்

பதினேழு வயதில் நான் மூன்று பேராசிரியர்களுக்கு லஞ்சம் கொடுக்க முயன்றிருக்கிறேன். அதுவும் அவர்களுடைய அறையிலேயே, கைகூப்பி, முகமெல்லாம் சிரிப்போடு. இதை இவ்வளவு தைரியமாக எழுதக் காரணம், என் வீட்டில் இது தெரியாதவர்கள் யாரும் இல்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்பா திருச்செங்கோட்டில் ரிக் வண்டி டிரைவர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வருஷத்தில் பாதி நாள் வடக்கேதான் இருப்பார். தண்ணீர் வந்த ஊர்களின் பெயர் அவருக்கு மறந்துவிடும். எண்ணூறு அடி போட்டும் புழுதி மட்டுமே பறந்த ஊர்களின் பெயர் மறக்காது. ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மாவிடம் சொல்லி மாய்ந்துபோவார். "அடியில என்ன கல்லு கெடக்குதுன்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா அந்தக் குடும்பம் தப்பிச்சிருக்கும் புள்ள."

அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு மண்ணுக்கு அடியில் இருப்பதைப் படிக்கும் ஆசை வந்தது. புவியமைப்பியல் என்று அதற்கு ஒரு பெயர் உண்டென்பதே பிளஸ் டூ முடிக்கும்போதுதான் தெரிந்தது.

மகாராஷ்டிராவில் அந்தப் படிப்புக்குப் பேர்போன கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே பெரும்பாலான இடங்கள் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. மிச்சமிருக்கும் சில இடங்களுக்கு மற்ற எல்லா மாநிலங்களும் முட்டி மோத வேண்டும். வாய்ப்பைக் கணித்துச் சொல்லும் இணையப் பக்கம் ஒன்றில் என் மதிப்பெண்ணையும் மாநிலத்தையும் போட்டேன். 'குறைவு' என்றது. இருபது மார்க் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் 'குறைவு' என்றது. (பொய் சொல்லியும் தேறவில்லை.)

இடம் கிடைத்தாலும் வெளிமாநிலக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரே வழி, வெளிமாநில மாணவர் ஒருவருக்கு மட்டும் கொடுக்கும் முழுக் கட்டண உதவித்தொகை. விண்ணப்பித்தேன். எப்படியோ நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசலாம் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த எனக்கு ஆங்கிலம் கையில் வரும், வாயில் வராது. இந்திதான் வீட்டிலேயே இருக்கிறதே!

"அப்பா, எனக்கு இந்தி சொல்லிக் குடுங்க."

"என்ற இந்தி செக்போஸ்ட் இந்தி சாமி. அது காலேசுக்கு ஆவாது."

"இந்தின்னா எல்லாம் ஒண்ணுதானுங்கப்பா" என்றேன். (எவ்வளவு படித்தவள்!)

அப்பாவின் வண்டியும் அந்தப் பக்கம்தான் வேலைக்குக் கிளம்ப இருந்தது. அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுடன் நானும் ஏறிக்கொண்டேன். மூன்று நாள் பயணம், மூன்று நாளும் பாடம். பெயர் சொல்வது, ஊர் சொல்வது, தெரியாததற்குத் தெரியாது என்று சொல்வது. ஆனால் முத்தாய்ப்பாக ஒரு வாக்கியத்தை நான் அப்பாவிடமே சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஐந்தாம் வகுப்பு விடுமுறையில் ஒருமுறை அப்பாவோடு வடக்கே போயிருக்கிறேன். வழியில் வண்டியை மறித்த ஒவ்வொரு அதிகாரியிடமும் அப்பா கடைசியாக, "சாய்பானி கா தேக் லேங்கே, சாஹப்" என்பார். உடனே அந்த அதிகாரியின் முகம் மலரும். வண்டி கிளம்பிவிடும். "அப்படின்னா என்னங்கப்பா?" என்று கேட்டதற்கு, "டீ, தண்ணி குடிச்சீங்களான்னு விசாரிக்கறது சாமி. ஒரு மருவாதிக்கு" என்றார். கடுகடுவென்று நிற்பவர்களையே சிரிக்க வைக்கும் வாக்கியம், பேராசிரியர்களை எப்படி மயக்கும்!

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு துறைத்தலைவி அம்மா. ஒரு பக்கம் ஓயாமல் குறிப்பெழுதும் இளைஞர், மறுபக்கம் பெரிய மீசைக்காரர். மேசையில் கற்களைப் பரப்பி வைத்து என்ன கல் என்று கேட்டார்கள். அப்பா கொண்டுவந்து போட்ட கற்களோடு வளர்ந்தவள் நான். தட்டுத்தடுமாறினாலும் எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டேன். அம்மையார் திருப்தியாகத் தலையாட்டி, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்.

எழுந்து நின்றேன். கைகூப்பினேன்.

"சாய்பானி கா தேக் லேங்கே, சாஹப்."

குறிப்பெழுதியவரின் பேனா நின்றுவிட்டது. மீசைக்காரர் மெதுவாக முன்னால் சாய்ந்து, "கித்னா?" என்றார். எவ்வளவு என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். மார்க்கைக் கேட்கிறார் என்று நிமிர்ந்து நின்று, "பாஞ்ச் சௌ சத்தர்" என்றேன். ஐநூற்று எழுபது. அறுநூறுக்கு.

அவர் புருவத்தை உயர்த்தினார். "பஸ்?"

இந்தியில் அதற்கு 'அவ்வளவுதானா?' என்று பொருளாம். அப்பாவின் மூன்று நாள் பாடத்தில் அது வரவில்லை. எதில் வந்தேன் என்று கேட்கிறார் என நினைத்தேன்.

"நஹி சாஹப். லாரி" என்று சன்னல் பக்கம் கையைக் காட்டினேன்.

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். வாசலுக்கு வெளியே எங்கள் ரிக் வண்டி, கல்லூரிச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றது. ஐநூற்று எழுபது ரூபாய் போதாவிட்டால் லாரியையே எழுதிக் கொடுக்க வந்தவள் என்றுதானே நினைத்திருப்பார்கள்!

அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். நான் சொன்னதைத் துறைத்தலைவி அம்மா அவரிடம் திருப்பிச் சொன்னார். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அதையா சாமி சொன்னே?"

"மருவாதிதானுங்களே அப்பா" என்றேன்.

அப்பா அந்த மூவர் பக்கம் திரும்பி, தன் இந்தியில் சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. முழுதாகப் பின்னால் சொன்னார். "புள்ள மேல தப்பில்லீங்க. ரோட்டுல லஞ்சம் குடுத்துத்தான் வண்டி ஓட்டறேன்னு பெத்த புள்ளகிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க. டீத்தண்ணிச் செலவ நாங்க பாத்துக்கறோம்னு சொல்றத, மருவாதி வார்த்தைன்னு பொய் சொல்லிப்போட்டேன். தண்டிக்கறதுன்னா என்னையத் தண்டிங்க."

முதலில் சிரித்தவர் மீசைக்காரர்தான். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவை உட்காரச் சொன்னார். கடைசியாக எந்த ஊரில் கிணறு போட்டீர்கள், எத்தனை அடியில் புழுதியின் நிறம் மாறியது என்று கேட்டார்.

அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தார். எந்தத் தாலுகாவில் எத்தனை அடியில் கருங்கல், எங்கே வெடிப்பு, எங்கே தண்ணீர் வருவதுபோல் வந்து ஏமாற்றும் என்றெல்லாம் சொல்லச் சொல்ல, குறிப்பெழுதியவரின் பேனா மறுபடி ஓடியது. என் நேர்காணல் பத்து நிமிஷம். அப்பாவின் நேர்காணல் முக்கால் மணி நேரம். கிளம்பும்போது அம்மையார் என்னிடம் எளிய ஆங்கிலத்தில், "கற்களைப் பற்றி நன்றாகச் சொன்னாய். அந்த வாக்கியத்தை மட்டும் இனி யாரிடமும் சொல்லாதே" என்றார்.

மூன்று வாரம் கழித்து உதவித்தொகைக் கடிதம் வந்தது.

இன்று நிலத்தடி நீர் ஆய்வு செய்து சம்பளம் வாங்குகிறேன். வாயில்காப்போனைக் கூப்பிட்டு என்னை வெளியே தள்ளியிருக்கலாம், அந்த மூவரும். அதற்குப் பதில் நாற்காலி போட்டார்கள். அதற்கு நான் காலமெல்லாம் கடன்பட்டவள். அதைவிட, மகளிடம் இத்தனை வருஷம் மறைத்ததை அவளுக்காக மூன்று அந்நியர்கள் முன்னால் சொன்ன மனுஷனை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. (அவரோ, "உன்ற இந்தியை நெனச்சாத்தான் எனக்குக் கண்ணு கலங்குது" என்பார்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'போதுமா, இன்னும் வேணுமா' என்று யாரும் கேட்பதில்லை. "பஸ்ஸா, லாரியா?" என்றுதான் கேட்பது. போதும் என்றால் பஸ், இன்னும் வேண்டும் என்றால் லாரி.

போன வருஷம் எனக்குக் கல்யாணமானது. மறுவீட்டு விருந்தில் அம்மா கரண்டியில் சோற்றோடு மாப்பிள்ளையிடம் குனிந்து, "பஸ்ஸுங்களா, லாரிங்களா?" என்றார்.

அவர் திருதிருவென்று விழித்துவிட்டு, "கார்லதானுங்க அத்தை வந்தோம்" என்றார்.

அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, பாதிக் கரண்டி வைத்தார்.