மூன்றாவது கணக்கும் பதினாலாவது சரணமும்

இந்தத் தடவை பாடுவதில்லை என்று ப்ரெபென் முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமை மாமியாருக்கு எழுபது. கோபன்ஹேகனில் எழுபது வயது என்றால் விருந்தோடு விடமாட்டார்கள். பழைய மெட்டுக்குப் புது வரிகள் கட்டி, அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்து, மகள் வீட்டார் எழுந்து நின்று பாடவேண்டும். அறுபதுக்கு அவர் பாடியதைச் சொந்தக்காரர்கள் பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மனிதர் அலுத்துப் போயிருந்தார்.

அதற்காகவே, இயற்பியல் வாத்தியாரான அவர் பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சை வைத்தார். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறங்கினால் எவ்வளவு ஆற்றல் வெளிப்படும்? ஆறு கணக்கு, இருபத்தெட்டுப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடைத்தாள் கட்டை மேஜையில் தொப்பென்று போட்டுவிட்டு மனைவியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நூத்தி அறுபத்தெட்டு கணக்கு திருத்தணும், போடில். திங்கக்கிழமை திருப்பிக் கொடுத்தாகணும். நாளைக்கு நான் எங்க வர்றது? நீ மட்டும் போய்ட்டு வா."

போடில் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். காபியை அவர் முன்னால் வைத்தாள்.

"பாவம்ப்பா நீ. குடிச்சிட்டு, போய் நல்லா குளி."

வெந்நீரில் கிடந்து எழுந்து வர ஒரு மணி நேரமாயிற்று. வந்து பார்த்தால் அத்தனை தாளும் திருத்தி அடுக்கியிருந்தது. ப்ரெபென் ஒவ்வொரு தாளாக எடுத்துப் புரட்டினார்.

"உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"இதுல என்ன இருக்கு? எந்த மட்டத்துக்கு எவ்வளவுன்னு நீயே கேள்வித்தாள்ல போட்டிருக்க. ரெண்டாவதுக்கு 3.4, நாலாவதுக்கு 0.85. ஏறின ஸ்டேஷன், இறங்கின ஸ்டேஷன். ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிச்சா டிக்கெட். எல்லார் தாள்லயும் அதே ஆறு டிக்கெட்தானே."

"அவ்வளவு லேசு இல்ல போடில்..."

"லேசு இல்லதான். மூணாவது கணக்குக்கு இருபத்தெட்டு பேரும் 2.55 போட்டிருக்காங்க. நீ எழுதி வெச்ச விடையில மட்டும் 3.4. நீ கழிக்கவே இல்லப்பா. நான் இப்படி டிக்கெட் கொடுத்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

ப்ரெபென் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். அவள் ஒரு தாளை நீட்டினாள். பாட்டு எப்போதோ தயாராகியிருந்தது. பதின்மூன்று சரணம் அச்சில். அடியில் பதினாலாவது, பென்சிலில்: கழித்தல் மறந்துபோன ஒரு வாத்தியாரைப் பற்றி.

"வந்து பாடினா இதை அழிச்சிடறேன். வரலேன்னா நானே பதினாலையும் பாடறேன்."

"வேற வழியே இல்லையா?"

"ஆறு வழி இருக்கு. எல்லாமே கீழதான் இறங்குது."

சனிக்கிழமை ப்ரெபென் எழுந்து நின்று பதின்மூன்று சரணத்தையும் பாடினார். தொண்டை வறண்டது, மெட்டு எங்கோ போயிற்று, உறவு முழுக்கச் சிரித்தது. போகட்டும், மானம் மிஞ்சியது என்று உட்காரப் போனார். மாமியார் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாப்பிள்ளை, நேத்து நீங்க குளிக்கறப்போ போடில் போன்ல பாடிக் காட்டினாளே, அதுல பதினாலு இருந்துச்சே?"