ஐஸ் பெட்டிக்கு அரசு மரியாதை

உலக வரலாற்றில் இரண்டு நாடுகள் சேர்ந்து ஓர் ஐஸ் பெட்டிக்கு இவ்வளவு பெரிய மரியாதை செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதை முன்னின்று நடத்தியவன் அடியேன்தான்: அண்டை நாட்டுடனான ஆராய்ச்சி மற்றும் புத்தாக்க ஒத்துழைப்புப் பிரிவின் துணைச் செயலாளர். தற்பெருமை இல்லை, பதவிப் பெயரே அவ்வளவு நீளம்.

எங்கள் பிரிவு ஏழு வருஷமாக ஒத்துழைத்து வருகிறது. ஒப்பந்தத்தில் எந்த நாட்டின் பெயர் முதலில் வருவது என்பதில் மட்டும் சின்னக் கருத்து வேறுபாடு. அதற்காகப் பதினான்கு கூட்டம் போட்டோம். பதினான்கிலும் 'சுமுகமான சூழல்' நிலவியது.

இதற்குள் எல்லையோர ஊர்களில் மாடுகளுக்கு ஒரு காய்ச்சல் பரவியது. அங்கே இருந்த மாட்டு டாக்டரம்மாவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. நோய்ப்பட்ட மாட்டின் ரத்தத்தை எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்த விஞ்ஞானியும் கொஞ்சம்கூடப் பொறுப்பில்லாமல் தடுப்பூசி கண்டுபிடித்து, முந்நூறு மாடுகளுக்கான மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார். எங்களைக் கேட்காமலே ஒத்துழைத்துவிட்டார்கள்! பாலத்துச் சுங்கச் சோதனைச் சாவடியில் பெட்டியை நிறுத்திவைத்து எனக்குப் போன் செய்தார்கள்.

பாலத்துக்கு ஓடினேன். டாக்டரம்மா ஜீப்பை அணைக்காமல் நின்றிருந்தார்.

"சார், பெட்டியக் குடுத்துடுங்க. மத்தியானத்துக்குள்ள ஊசி போட்டுடுறேன்."

"எந்த ஒப்பந்தத்துக்குக் கீழம்மா?"

"மாடு செத்துக்கிட்டிருக்கு சார். எங்க அக்காகிட்ட இருந்ததே ஆறு மாடு, ரெண்டு போயிடுச்சு. வீட்டுக்காரரும் இல்ல. மூணு பிள்ளைங்க அந்தப் பாலை நம்பித்தான் இருக்குதுங்க."

"அக்காவை இழுக்காதீங்கம்மா. சொந்தக்காரங்க வந்தாலே அது 'நலன் முரண்பாடு'."

அதற்குள் அந்தப் பக்கத்துத் துணைச் செயலாளரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஒருவரை ஒருவர் பார்த்தோம். இங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டால் பெட்டி எங்கள் சாதனையாகிவிடும் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஏழு வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போனது அன்றுதான். பெயர்ச் சிக்கலையும் தீர்த்தோம்: பெயரே போடாமல் 'இரு நாடுகள்' என்று எழுதிவிட்டோம்.

இரண்டு மணி நேரத்தில் பந்தல், கம்பளம், இரு தரப்பு அமைச்சர்கள். நடு மேசையில் ரிப்பன் கட்டிய ஐஸ் பெட்டி.

"மூடியிருந்தா டிபன் கேரியர் மாதிரி இருக்கு சார், தொறந்து வைங்க" என்றார் போட்டோக்காரர். கலைஞன் சொல்லைத் தட்டக்கூடாது. திறந்து வைத்தோம். மேலே பெரிய விளக்குகளைப் போட்டார்கள்.

டாக்டரம்மா மேடைக்கே ஓடி வந்தார். "மூடுங்க சார்! சூடு பட்டா மருந்து வீணாப் போயிடும்!"

மூன்றாவது வரிசையில் நாற்காலி கொடுத்து உட்கார வைத்தேன். "ரெண்டே ரெண்டு பேச்சும்மா."

"எவ்வளவு நேரம் சார்?"

"அவங்க அமைச்சர் முக்கால் மணி நேரம் பேசினா, நம்மவர் குறைச்சலாவா பேச முடியும்? நாட்டோட மானம் என்னாகறது?"

சும்மா சொல்லக்கூடாது, அருமையான பேச்சுகள். 'நம் உறவின் கதகதப்பு' என்று இரண்டு பேருமே சொன்னார்கள். அப்போது பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எல்லோரும் போனபின் டாக்டரம்மா ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மருந்து திரிந்திருந்தது.

"திரும்பத் தயாரிக்க மூணு வாரம் ஆகும் சார். மாடு ஒரு வாரம்கூடத் தாங்காது."

தாங்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் புது மருந்தோடு டாக்டரம்மா போனபோது அக்கா வீட்டுத் தொழுவம் காலி. மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். எனக்கும் மனசு கனத்தது. அதைக் கோப்பில் முறைப்படி பதிவு செய்தேன்.

ஆனால் ஒத்துழைப்பு வீண் போகவில்லை. புதிய ஒப்பந்தத்தின் கீழ் முதல் கூட்டு ஆராய்ச்சி அறிவிக்கப்பட்டுவிட்டது. தலைப்பு: 'இரு நாடுகள் இவ்வளவு நெருங்கி ஒத்துழைத்தும் மாடுகள் செத்தது ஏன்?' ஐந்தாண்டுத் திட்டம். தலைவர் நான்.

குழுவில் சேர டாக்டரம்மாவும் விண்ணப்பித்திருந்தார். வருத்தத்தோடு நிராகரித்தேன். விடை தெரிந்தவரை ஆராய்ச்சியில் சேர்த்தால் என் பதவி என்னாவது?