ஒரு வாய் கேசரி விஷயமாக மச்சானுக்கு

மரியாதைக்குரிய மச்சான் நவநீதன் அவர்களுக்கு,

ஆம்பூரிலிருந்து காசிநாதன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை மோகனாவும் நலம். மகள் மிதுனா நலமா என்பதை அடுத்த மாதம் பத்தாம் தேதி டாக்டர் எடை பார்த்த பிறகுதான் எழுத முடியும். ஜோலார்பேட்டையில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள், உங்கள் ரயில்களும் நேரத்துக்கு வந்து போகும் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "இன்னா மாப்ள" என்று சிரித்துவிடுவீர்கள். எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். சொல்ல வந்தது இதுதான்: வரும் ஞாயிற்றுக்கிழமை சோளிங்கரில் மிதுனாவுக்குக் காது குத்தும்போது அவளை யார் மடியில் உட்கார வைப்பது என்பது பற்றி. இதை எடுத்தவுடன் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருகிறேன்.

மிதுனா ஏழாம் மாதத்தில் பிறந்ததும் ஏழு வாரம் மூக்கில் குழாய் வைத்துப் பால் இறக்கியதும் உங்களுக்குத் தெரியும். வாய்ப் பக்கம் எது வந்தாலும் அது தன்னை இம்சை பண்ணத்தான் வருகிறது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. மூன்று வயதாகியும் நான்கு பொருள்தான் சாப்பிடுகிறாள்: பால், தயிர், ஒரு வகை வட்ட பிஸ்கட், மேல்தோல் உரித்த இட்லி. அந்த இட்லியில் பழுப்பாக ஒரு புள்ளி இருந்தாலும் தள்ளிவிடுவாள். நான் பதினாறு வருஷமாகத் தொழிற்சாலையில் தோல் தரம் பிரிக்கிறவன். ஆட்டுத் தோலில் உண்ணி கடித்த தழும்பை விரல் நுனியால் கண்டுபிடிப்பேன். என் மகள் அதே புள்ளியை இரண்டடி தூரத்திலிருந்து கண்ணாலேயே கண்டுபிடிக்கிறாள். இப்போது எடை பத்து கிலோ அறுநூறு கிராம். பத்தாம் தேதி பதினொன்றைத் தொடாவிட்டால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைப்பது பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழாய் என்ற சொல்லைக் கேட்டாலே மோகனா எழுந்து சமையலறைக்குள் போய்விடுகிறாள்.

அதனால்தான் நான்கு மாதமாகப் புதன்கிழமைதோறும் வேலூர் சத்துவாச்சாரிக்குப் போகிறோம். அங்கே நிஷா என்று ஒரு பெண், சாப்பிடப் பயப்படும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். வயது இருபத்தாறு இருக்கும். முதல் நாளே என்னைப் பார்த்து, "சார், இவ சாப்பிடணுமேன்னு நீங்க தவிக்கிறது உங்க மூஞ்சிலயே தெரியுது. மொதல்ல மூஞ்சிய மாத்துங்க" என்றார். என்ன கொடுத்தோம், குழந்தை என்ன செய்தது என்று தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். நான் கை பழகிய விதத்தில், "இட்லி: பார்வைக்கு வந்தது நான்கு, தேறியது ஒன்று, கழிவு மூன்று, காரணம் நிறப் பிசகு" என்று எழுதிவைத்தேன். நோட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, கொழந்தையா, தோலா?" என்றார். "சாப்பாடுதான் மேடம் தோலு. தரம் பிரிக்கிற செலக்டரு அவ" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "நீங்க ஒரு தோல எப்பிடிப் பாப்பீங்க?" என்று கேட்டார். "தடவிப் பாப்பேன், மடிச்சுப் பாப்பேன், மோந்து பாப்பேன்." "பின்னாடி ஒருத்தர் நின்னுக்கினு பாஸ் பண்ணு, பாஸ் பண்ணுன்னு சொல்லிக்கினே இருந்தா?" "லாட்டு மொத்தத்தையும் கழிச்சிடுவேன் மேடம்." "அவளும் அதத்தான் சார் பண்றா" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். "சாப்பிடு" என்ற சொல் கூடாது, அவள் வாயைப் பார்க்கக் கூடாது, சாப்பிட்டுவிட்டால் கைதட்டவும் கூடாது. உணவைத் தொட்டால் போதும், மோந்தால் போதும், நக்கிப் பார்த்துத் துப்பினாலும் போதும். வாயைப் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பது? வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து எங்கள் சரக்கைச் சோதிக்கும்போது நாங்கள் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். முகத்தைப் பார்த்தே குறை எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். அதே முறையை வீட்டிலும் கொண்டுவந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டு அன்வரி பேகம் உள்ளே வந்து பார்த்தபோது நான், மோகனா, மிதுனா மூவரும் அண்ணாந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "இன்னாம்மா, ஃபேன் ஓடலியா?" என்று கேட்டு அவரும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பீட்ரூட். கையில் தொட்டு, கன்னத்தில் தொட்டு விளையாட வேண்டும். மிதுனா தன் கன்னத்தில் பூசி, என் பனியனில் பூசி, சுவருக்குப் போகும்போது அன்வரி பேகம் மறுபடி வந்தார். "யா அல்லா, ரத்தம்!" என்று அவர் போட்ட சத்தத்தில், என்னோடு வேலை செய்யும் அவருடைய வீட்டுக்காரர் லியாகத் அலி ஆட்டோவையே கூட்டிவந்துவிட்டார். மோகனா "பீட்ரூட்டு பாய், பீட்ரூட்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் எங்களை ஏற்றிக்கொண்டு வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. அந்தக் கலவரத்தில் யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மிதுனா விரலை வாயில் வைத்து நக்கினாள். புதிதாக ஒரு ருசியை அவளாகவே தொட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. லியாகத் அலி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு மூன்று நாள் பீட்ரூட்டோடு அவளை ஆட்டோவில் சுற்றிக் காட்டினோம். நக்கவில்லை. நிஷா கேட்டுவிட்டு, "அவ ஆட்டோக்காக நக்கல சார்" என்று மட்டும் சொன்னார்.

இனிமேலும் சுற்ற இடமில்லை மச்சான். பொங்கலுக்கு நீங்கள் சீர் கொண்டுவந்தீர்கள். நான் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று போய்விட்டுத் திரும்பியபோது மிதுனா மூச்சுத் திணறி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உங்கள் கையில் ஸ்பூன், ஸ்பூனில் கேசரி. "நான்தான் மாப்ள. சிரிச்சிக்கினு இருந்தா, ஆசையா ஒரு வாய் வெச்சிட்டேன்" என்றீர்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டேன். நீங்கள் போன பிறகு மூன்று வாரம் அவள் இட்லியையும் தொடவில்லை. நானூறு கிராம் இறங்கியது. இந்த ஏழு மாதமும் நீங்கள் போன் செய்தபோதெல்லாம் வேலை ஜாஸ்தி என்று சொல்லி நான் வைத்ததற்குக் காரணம் அதுதான். நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அவளுக்கு ஒன்றரை வயதில், மூக்கைப் பிடித்துக்கொண்டு நானே பருப்புச் சாதம் திணித்திருக்கிறேன். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு பயம்.

காது குத்தும்போது குழந்தை அழும். அழுகிற வாயில் தாய்மாமன் சர்க்கரை போடுவது உங்கள் வீட்டு வழக்கம். அந்த ஒரு சிட்டிகையில் நான்கு மாத உழைப்பும் போய்விடும். ஆகவே என் தம்பி ஜெயசீலன் மடியில் உட்கார வைக்கலாம் என்றிருக்கிறேன். தாய்மாமன் நிற்கும்போது சித்தப்பன் மடியில் காது குத்தினார்கள் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். உங்களுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்பதும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். நீங்கள் அவசியம் வர வேண்டும், பக்கத்தில் நிற்க வேண்டும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெருமாள் உங்கள் குடும்பத்துக்கு எல்லா நலமும் தரட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
காசிநாதன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால் மோகனாவிடம் படிக்கக் கொடுத்தேன். கேசரி வரும் பக்கத்தில் நின்றுவிட்டாள். பிறகு, "அத வெச்சது அண்ணன் இல்லிங்க. நான்" என்றாள். "அண்ணன் எதிர்லயாவது ஒரு வாய் சாப்பிட்டுடணுமேன்னு பிடிச்சு வெச்சிட்டேன். அண்ணன் வேணாம் வேணாம்னாரு. நீங்க வர்ற சத்தம் கேட்டதும் ஸ்பூன என் கையிலருந்து வாங்கிக்கினாரு. கொழந்த சாப்பிடலன்னாலே எல்லாரும் உன்னத்தான் பாக்கறாங்க, இந்தப் பழி வேற உனக்கு எதுக்குன்னாரு."

மேலே எழுதியிருப்பதைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். அப்படியே அனுப்பச் சொன்னாள். ஏழு மாதம் தன்னால் சொல்ல முடியாததை இனி யாரும் மறைக்க வேண்டாம் என்றாள். என்னை மன்னியுங்கள் மச்சான். ஞாயிற்றுக்கிழமை மடி உங்களுடையதுதான். சர்க்கரை கொண்டுவருவதா வேண்டாமா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். அந்த விஷயத்தில் எங்கள் இரண்டு பேர் கையைவிட உங்கள் கை நிதானமானது.