பிரிக்காத பெட்டி

மஞ்சு நாடு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். போய் வந்தவர்கள் யாரும் வழி சொன்னதில்லை. அங்கே விடியற்காலையில் முழங்கால் அளவுக்கு மஞ்சு இறங்கும். வயலுக்குப் போகிறவர்கள் கால் தெரியாமல் மிதந்து போவார்கள். நிலாகூட மற்ற நாடுகளைவிடக் கொஞ்சம் தாழ்வாகத்தான் வரும். அந்த நாட்டு அரசரை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பௌர்ணமி விடிந்ததும் வீட்டுக்கு ஒரு மரப்பொம்மை அரண்மனையிலிருந்து இலவசமாக வந்துவிடும். மாதம் ஒரு புதுப் பொம்மை, அரக்கு முத்திரை வைத்த பெட்டியில்.

குடிகளுக்கு இன்னொரு கொடுப்பினையும் இருந்தது. அரண்மனை வாசலில் ஒரு பெரிய மணி தொங்கியது. பிறக்கும்போதே ஆளுக்கு ஏழு செப்புவில்லை கொடுப்பார்கள். ஒரு வில்லையைக் காவலரிடம் கொடுத்தால் ஒரு முறை மணியடித்துக் குறை சொல்லலாம். வில்லை இல்லாதவன் வாய் இல்லாதவன்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வேலாத்தாளுக்குப் பொம்மை என்றால் உயிர். பெட்டிகளைப் பரணில் வரிசையாக அடுக்கி, தினம் தூசி தட்டுவாள், ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. முத்திரை உடைந்தால் பொம்மைக்கு மதிப்பில்லை என்பது அந்த நாட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அவள் புருஷன் நல்லண்ணன் மட்டும் விவஸ்தை கெட்டவன். ஒரு முறை யானைப் பெட்டியைப் பிரித்து, யானையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டான். வேலாத்தாள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

ஒருநாள் வெளியீட்டுத்துறை அமைச்சர் பேரருவிநாதர் முரசோடு வந்தார்.

"குடிகளே! காத்திருத்தல் என்னும் துன்பத்தை நம் அரசர் ஒழிக்கத் திருவுளம் கொண்டார். இனிப் பௌர்ணமிக்கு ஒன்பது நாள் முன்பே பொம்மை பெறலாம். ஈடாக ஒரே ஒரு செப்புவில்லை."

"சும்மா வர்றதுக்கு எதுக்குப் புள்ள வில்லையக் குடுக்கற?" என்றான் நல்லண்ணன். "ஒம்பது நாள்ல கோழிமுட்டைகூடப் பொரியாது."

"உங்களுக்கு என்னங்க தெரியும்? அத்தாயக்கா வூட்டுப் பரண்ல ஏறுனதுக்கப்புறம் நம்ம வூட்டுக்கு வந்தா, அது பொம்மையா, வெறகா?"

அத்தாயம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் அதற்குள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த ஆணையில் ஒன்பது நாள் ஒரு மாதமாயிற்று. ஈடு இரண்டு வில்லை. அதற்கடுத்து, மரம் வெட்டுவதற்கு முன்பே பெட்டி கைக்கு வந்தது. நாடே ஆனந்தத்தில் மிதந்தது. வேலாத்தாளுக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல்.

"பொட்டி காத்தாட்டம் இருக்குதுங்களே?" என்று அமைச்சரிடமே கேட்டுவிட்டாள்.

"கனம் என்பது முந்தைய ஆட்சியின் குறைபாடு, அம்மணி" என்றார் அவர்.

பிறகு பௌர்ணமிப் பொம்மை நின்றது. "காத்திருப்போரே இல்லாத நாட்டில் காத்திருப்போருக்கென வழங்குவது வீண் செலவு" என்று ஆணை வாசிக்கப்பட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். நல்லண்ணன் அடுத்த பௌர்ணமியன்று விடிய விடிய வாசலில் நின்றுவிட்டு, வெறுங்கையோடு உள்ளே வந்தான்.

அடுத்த ஆணை வாய்க்காலைத் திருப்பியது. பொம்மைப் பட்டறைக்குச் சாயம் கலக்கத் தண்ணீர் போதவில்லையாம். வெற்றிலைக் கொடி பச்சைக் குழந்தை மாதிரி. இரண்டு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் தலை தொங்கிவிடும். ஊரில் எல்லாக் கொடிக்கால்களும் மஞ்சளாயின. மணியடிக்கலாம் என்றால் யாரிடமும் வில்லை இல்லை.

நல்லண்ணனிடம் மட்டும் கடைசியாக ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் அவன் முந்தியே ஊர்ப் பொதுக் காரியங்களுக்கு மணியடித்துத் தீர்த்திருந்தான்.

"நாளைக்குப் போறேன் புள்ள. ஒரு மடை தொறந்து விட்டாப் போதும், கொடி பொழைச்சுக்கும்" என்று, வில்லையைப் போட்டு வைத்திருந்த மஞ்சள் பானைக்குள் கைவிட்டான். துழாவினான். பானையைக் கவிழ்த்தான்.

வேலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். பரணில் புதிதாக ஒரு பெட்டி. மூடியில் ஏழு குதிரை பூட்டிய தேர்ப்படம்.

அவன் பானையை நிமிர்த்தி வைத்தான். இரண்டு குடத்தைக் காவடியில் கட்டிக்கொண்டு, இரண்டு காதம் தள்ளியிருந்த சுனைக்கு நடந்தான். அவன் முதுகு கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சு வெடித்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பரணில் ஏறினாள். தேர்ப் பெட்டியின் முத்திரையை உடைத்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த பெட்டியை உடைத்தாள். அதிலும் இல்லை. வில்லை கொடுத்து வாங்கிய எதிலும் இல்லை.

"அக்கா! அத்தனையும் வெறும் பொட்டி! உங்களுதையும் பிரிச்சுப் பாருங்க!" என்று ஓடினாள்.

அத்தாயம்மாள் தன் பரணுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றாள். "போ கண்ணு, உன்ற பொட்டி போச்சுன்னு என்றதையும் ஒடைக்கச் சொல்றியா? எங்கிட்ட இருக்கறதுல பொம்மை இருக்குது. முத்திரை இருக்குதல்ல?"

தெரு முழுக்க அதே பதில்தான்.

அந்த வாரமே பெரிய முரசு கேட்டது. பழைய அரசர் ஓய்வு பெறுகிறார். புது அரசர் தையில்தான் வரவேண்டும். குடிகளின் அன்புக்கு இணங்கி இப்போதே வெளியிடப்படுகிறார். ஈடாகக் கொடுக்க வில்லை இல்லாதவர்கள், இனிப் பிறக்கும் பிள்ளைகளின் வில்லைகளை எழுதிக்கொடுத்தால் போதும். வரிசை ஆற்றங்கரைவரை நீண்டது.

மறுநாள் காலை மஞ்சுக்கு மேலே ஒரு பல்லக்கு மிதந்து வந்தது. நாலாபுறமும் பட்டுத்திரை, திரையின் விளிம்பெல்லாம் அரக்கு முத்திரை. ஊர் கையெடுத்துக் கும்பிட்டது.

வேலாத்தாளிடம் வில்லை இல்லை. நேரிலேயே கேட்டுவிடுவது என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனாள். "சாமி, ஒரு மடைத் தண்ணி!" என்றாள். திரைகூட அசையவில்லை. அப்போதுதான் பல்லக்குத் தூக்கிகளைப் பார்த்தாள். எட்டுப் பேர், அரண்மனையிலிருந்து மலைப்பாதையில் பல்லக்கைச் சுமந்து ஏறி வந்தவர்கள். ஒருவன் நெற்றியிலும் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

அவள் அரக்கில் நகத்தை வைத்தாள்.

"பிரிக்காத!" என்று ஊரே அலறியது. பத்துக் கைகள் அவளைப் பிடித்து இழுத்தன. காவலர்கள் ஈட்டியை ஊன்றியபடி பேசாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழுத்த கைகளிலெல்லாம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிய கறை இருந்தது.